காய வைக்கக் காய வைக்க ஈரமான ஓம உப்பு

"மிஷினை எப்படி ஓட்டுறதுன்னு எழுதாதீங்க ரோசி. அதுக்குக் கம்பெனிக்காரன் குடுத்த புத்தகம் இருக்கு. உங்க கை நடுங்கின நாளைப் பத்தி எழுதுங்க" என்றார் எங்கள் துறை மேடம். அப்படிப் பார்த்தால் என் வேலைக்காலம் முழுவதையும் எழுத வேண்டியிருக்கும். வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. ஆகவே ஒரு வெள்ளிக்கிழமையையும் அதற்கு அடுத்த நாளையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் என்னைப் பற்றிக் கொஞ்சம். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கண்ணாடிச் சாமான் கழுவும் வேலைக்குத்தான் இந்தக் கல்லூரிக்கு வந்தேன். பிறவியிலேயே பயந்த சுபாவம். சாயங்காலம் அறையைப் பூட்டிவிட்டுக் குமணன்சாவடி நிறுத்தம் வரை நடந்து வந்திருப்பேன். ஆவடி பஸ் கண்ணுக்குத் தெரியும். அப்போதுதான் கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று மனசு கேட்கும். திரும்பி நடப்பேன். பஸ்ஸை விட்டுவிட்டுப் போகிற என்னைப் பார்த்து ஒரு கண்டக்டர், "இன்னாக்கா, இன்னிக்கும் ஊட்டுக்குப் போற ஐடியா இல்லியா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்பார். போய்ப் பார்த்தால் சிலிண்டர் மூடித்தான் இருக்கும்.

இதை மேடம் கவனித்திருக்கிறார். ஒரு நாள் கூப்பிட்டு, "பயத்தைத் துரத்த முடியாது ரோசி. அதுக்கு ஒரு வேலை குடுத்துடுங்க" என்றார். அன்று முதல் பூட்டும் முன் சிலிண்டரைக் கையால் தொட்டு "மூடியாச்சு" என்று வாய்விட்டுச் சொல்வேன். குழாயைத் தொட்டு "மூடியாச்சு" என்பேன். காவலாளி என்னைப் பார்த்து ஜெபம் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நீங்களும் செய்து பாருங்கள். கண் பார்த்ததை மனசு மறந்துவிடும். கை தொட்டு வாய் சொன்னதை அவ்வளவு சுலபமாக மறக்காது.

இனி அந்த மிஷின். அகச்சிவப்பு நிறமாலைமானி என்று பலகையில் எழுதியிருக்கும். நாங்கள் ஐ.ஆர். என்போம். அதை ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது மேடம் எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதில் இரண்டு விதம் உண்டு. உடைத்தால்தான் பிரியும் என்கிற பிடி ஒன்று. இன்னொன்று, கூட்டமான பஸ்ஸில் டிரைவர் பிரேக் போட்டதும் பக்கத்தில் இருப்பவரின் தோளைப் பிடிக்கிறோமே, அந்த மாதிரிப் பிடி. பிடிப்போம், விடுவோம், மறுபடி பிடிப்போம். மேடம் இளநிலைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆராய்ந்தது இந்த இரண்டாவது பிடியைத்தான்.

அந்த வருஷம் இரண்டு பேர் எடுத்துக்கொண்டது ஓமத்தில் இருந்து எடுக்கிற ஓம உப்பும் கற்பூரமும். இரண்டும் கெட்டியான பொருள்தான். ஒரு கிண்ணத்தில் சேர்த்துப் போட்டு லேசாக நசுக்கினால் கண்ணெதிரே தண்ணீர் மாதிரி இளகிவிடும். நாட்டு மருந்துக் கடையில் பல் வலிக்குச் சொட்டு மருந்து கேட்டால் தருவது கிட்டத்தட்ட இதுதான். அதில் எதுவும் எரிவதில்லை, எதுவும் உடைவதில்லை. ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டதால் இரண்டும் தத்தம் வரிசையைக் கலைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்துவிடுகின்றன, அவ்வளவே.

மிஷினில் கடுகளவு வைரம் ஒன்று பதித்திருக்கும். அதன்மேல் ஒரு துளி வைத்தால் திரையில் ஒரு கோடு ஓடும். அங்கங்கே பள்ளம் விழும். கற்பூரத்துக்கென்று ஓரிடத்தில் ஒரு பள்ளம் உண்டு. அது தனியாக இருக்கும்போது பள்ளம் ஓரிடத்தில் விழும். ஓம உப்பு வந்து பிடித்துக்கொண்டால் கொஞ்சம் நகர்ந்து விழும். எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தால் பிடி எவ்வளவு பலம் என்று தெரியும். ஓம உப்பு தனியாக இருந்தால் அந்த இடத்தில் பள்ளமே கிடையாது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

அந்த இருவரில் திவ்யா நூம்பலில் இருந்து வருகிறவள். தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்த குடும்பம். அப்பா முருகேசன் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். இன்னொருவன் கொரட்டூர் ஜெரால்டு. வாய் ஓயாது. வேலையும் ஓயாது.

நகரத்தில் உள்ள ஒரு பெரிய ஆராய்ச்சிக் கூடம் கோடை விடுமுறையில் இரண்டு மாணவர்களைப் பயிற்சிக்கு எடுக்கப் போவதாக அறிவித்திருந்தது. சுற்று வட்டாரக் கல்லூரிப் பிள்ளைகளை எங்கள் கல்லூரிக்கு வரவழைத்து, சனிக்கிழமை அவர்கள் பேசுவதைக் கேட்டுத் தேர்ந்தெடுப்பதாகத் திட்டம். ஜெரால்டுக்கு மேடைப் பேச்சு வராது. அதோடு அவன் மேல்படிப்புக்கு அவன் வீட்டில் தடை இல்லை. அதனால் திவ்யாதான் பேசுவது என்று முடிவாகியிருந்தது. திவ்யா வீட்டில் நிலைமை வேறு. அப்பா தன் கம்பெனியிலேயே அவளுக்கு ஒரு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். ஜூன் மாதம் சேர வேண்டும். வருவாளா மாட்டாளா என்று சூப்பர்வைசருக்குத் திங்கட்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். "பெரிய எடத்துல எடுத்துக்கினா எம்மெஸ்ஸி படி. இல்லாங்காட்டி கம்பெனி" என்று அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆக, அவளுக்கு இருந்தது அந்த ஒரு சனிக்கிழமை.

அது விடாத மழைக்காலம். இந்த மாதிரி வேலையில் தண்ணீர் பெரிய எதிரி. அது யாரைப் பார்த்தாலும் கை கொடுத்துவிடும். அதனால் ஜெரால்டு ரொம்ப முன்னெச்சரிக்கையாக, ஓம உப்பு பாட்டிலையும் கற்பூர பாட்டிலையும் மூடியைத் திறந்து டெசிக்கேட்டருக்குள் வைத்திருந்தான். டெசிக்கேட்டர் என்பது கனத்த மூடி போட்ட கண்ணாடிப் பானை. மூடி விளிம்பில் கிரீஸ் தடவியிருப்பதால் காற்று உள்ளே போகாது. அடியில் நீல மணிகள் கிடக்கும். ஈரத்தைக் குடித்தால் அவை ரோஸ் நிறமாகிவிடும்.

காலையில் வந்து பார்த்தால் ஓம உப்பின் மேல் பக்கம் லேசாகக் கசிந்திருக்கும். "சனியன் புடிச்ச மழை" என்று ஜெரால்டு புது மணிகளைப் போட்டு மறுபடி மூடி வைப்பான். மறுநாள் இன்னும் கொஞ்சம் கசிந்திருக்கும். இன்னும் அதிக நேரம் உள்ளே வைப்பான். பிள்ளை எவ்வளவு அக்கறையாக இருக்கிறான் என்றுதான் எனக்கும் தோன்றியது. அந்த ஓம உப்பைக் கற்பூரத்தோடு பல விகிதங்களில் கலந்து அளந்தார்கள். ஓம உப்பு கூடக் கூடப் பள்ளம் எவ்வளவு நகர்கிறது என்று போட்ட வரைபடத்தில் கோடு ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக வந்தது. மேடம் சந்தோஷமாக விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போய்விட்டார். அங்கே போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை காலை திவ்யா சும்மா ஒரு படத்துக்காக ஓம உப்பை மட்டும் மறுபடி ஒரு தடவை மிஷினில் வைத்தாள். பழைய படம் திரையில் தெளிவாக இல்லை என்று காரணம் சொன்னாள். கோடு ஓடியது. கற்பூரத்தின் இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது.

"வைரத்தைத் துடைக்கலையாக்கா?" என்றான் ஜெரால்டு.

"ரெண்டு வாட்டி துடைச்சேன்பா." மறுபடி துடைத்தேன். வெறும் வைரத்தை வைத்து ஓட்டினோம். கோடு நேராக வந்தது. ஓம உப்பை வைத்தோம். மறுபடி அதே இடத்தில் பள்ளம்.

"இத்தினூண்டுதானே? சாஃப்ட்வேர்ல அந்த எடத்தை மட்டும் சமமா இழுத்து உட்டுடு" என்றான் ஜெரால்டு.

"தப்பு இல்ல?"

"யாருக்குத் தெரியப் போவுது? உனக்குத் தெரியும். உன்னையா கேக்கப் போறாங்க?"

"என்னைத்தான்டா லூசு கேக்கப் போறாங்க! பேசப் போறதே நான்தானே!"

அந்தக் கலவரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. டெசிக்கேட்டருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"டேய், மணி நீலமா கீது."

"நேத்துதான் மாத்துனேன். அதான் நீலம்."

"அதில்லடா. மணி நீலமா இருந்தா உள்ள தண்ணி இல்லன்னு அர்த்தம். தண்ணி இல்லன்னா ஓம உப்பு இன்னாத்துக்கு ஈரமா கீது?"

அவளே டெசிக்கேட்டரின் மூடியை நகர்த்தித் திறந்தாள். ஓம உப்பு பாட்டிலை எடுத்து மூக்கருகே வைத்தாள். அதே கையோடு ஜெரால்டிடம் நீட்டினாள். அவன் முகர்ந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"மச்சி," என்றான் குரல் இறங்கி, "நாம காய வைக்கல. ஒரு வாரமா கலந்து வச்சிருக்கோம்."

கற்பூரத்தைத் திறந்து வைத்தால் காற்றோடு போய்விடும் என்பது உங்கள் எல்லார் வீட்டிலும் தெரிந்த விஷயம். டப்பாவில் அதோடு மிளகு போட்டு வைக்கிறவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் மெழுகுவர்த்திதான், ஆனாலும் எனக்குக்கூடத் தெரியும். வெளியே போக வழியில்லாத பானைக்குள், மூடி திறந்த ஓம உப்புக்குப் பக்கத்தில் வைத்தால் அந்தக் கற்பூரம் வேறெங்கே போகும்? இது எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவே இல்லை. வீட்டில் இருப்பது ஒரு கற்பூரம், ஆய்வகத்தில் இருப்பது வேறொரு கற்பூரம் என்று மனசு தனித்தனி அலமாரியில் வைத்துவிடுகிறது. வேலைக்கு வரும்போது வீட்டில் தெரிந்ததை வாசலில் செருப்போடு கழற்றிவிட்டு வராதீர்கள்.

கலப்பதற்கு முன்பே அந்த ஓம உப்பில் கற்பூரம் இருந்திருக்கிறது. ஆகவே போட்ட விகிதம் எல்லாம் தப்பு. வரைபடத்தின் அந்த நேரான கோடும் தப்பு.

ஜெரால்டு சொன்னதை முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். "இது செலக்‌ஷன் திவ்யா. நாளைக்கு இதையே பேசிடு. அப்புறம் மேடம் வந்ததும் நிதானமா திருப்பி எடுக்கலாம். உங்கப்பா திங்கக்கெழமைக்குள்ள சொல்லணும்ல?" அவளுக்காகத்தான் சொன்னான். அவள் பாட்டிலை அவனிடமிருந்து வாங்கி மூடினாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"அக்கா, பிரிக்காத ஓம உப்பு பாட்டில் ஸ்டோர்ல இருக்காக்கா?"

இருந்தது. மேடம் கையெழுத்து இல்லாமல் பிரிக்கக் கூடாது. மிஷினையோ மதியத்துக்கு மேல் அம்பத்தூர் பெயின்ட் கம்பெனி ஒன்றுக்குப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். வெளி ஆள் சாம்பிளுக்குத்தான் முதல் இடம் என்பது அலுவலக உத்தரவு. சனிக்கிழமை விருந்தாளிகள் வருவதால் மாலை நாலு மணிக்கு எல்லா அறையையும் பூட்டச் சொல்லியிருந்தார்கள். மேடத்தைப் போனில் பிடிக்க முடியாது. என் கை நடுங்க ஆரம்பித்தது அப்போதுதான்.

நான் அன்று செய்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பயங்களை வரிசையாக நிறுத்தி ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: இதைத் திரும்பச் சரி செய்ய முடியுமா? பாட்டிலைப் பிரித்தால் நாளைக்கு மேடத்திடம் சொல்லி வேறு வாங்கலாம். பெயின்ட்காரர் கோபித்துக்கொண்டால் மன்னிப்புக் கேட்கலாம். அலுவலகம் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். தானே நம்பாத எண்களை வைத்துக்கொண்டு இந்தப் பெண் நாளைக்குப் போய் நின்று பேசிவிட்டால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. எதைத் திரும்ப எடுக்க முடியாதோ அதற்குத்தான் முதலில் பயப்பட வேண்டும். ஸ்டோர் சாவியை எடுத்தேன்.

பெயின்ட் கம்பெனி பாஸ்கர் மழையில் தொப்பலாக நனைந்து வந்தார். சாம்பிள்கள் ஒரு டிபன் டப்பாவுக்குள் இருந்தன.

"இன்னாக்கா, லோடு ஏத்திக்கினு லாரி நிக்குது. ரிப்போர்ட் இல்லாம கேட்டைத் தாண்டாது."

"உங்களுது முதல்ல. பிள்ளைங்க எடை போட்டுக்கிட்டு இருக்காங்க. அவங்க கலந்து முடிக்கிற வரைக்கும் மிஷின் உங்களுக்கு. முடிச்சிட்டு வந்தா எழுந்துக்கணும்."

"எங்கம்மா மேல சத்தியமா எழுந்துக்கறேன். மொதல்ல உக்கார வை."

அவருடைய நேரத்தைப் பறிக்க வேண்டியிருக்குமோ என்று பயந்துகொண்டிருந்தேன். ஒழுங்காகக் கேட்டிருந்தால் இரண்டு வேலைக்கும் இடம் இருந்தது. பயந்த ஆட்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறோம். கேட்காமலேயே 'முடியாது' என்று நாமே எதிராளிக்குப் பதிலாகச் சொல்லிக்கொள்கிறோம்.

பாஸ்கர் சொன்னபடி எழுந்தார். ஆனால் அவருடைய கடைசி சாம்பிள் பிசின் மாதிரி வைரத்தில் அப்பிக்கொண்டது. இந்தப் பக்கம் புதுப் பாட்டிலில் இருந்து கலந்த குப்பிகளை வைத்துக்கொண்டு ஜெரால்டு குதித்தான்.

"அண்ணாத்தே, இன்னாத்தை ஒட்ட வச்சிட்டுப் போற? ஊட்டு செவுத்துக்கு அடிக்கிறதா, சைக்கிள் பஞ்சருக்கா?"

"கோச்சுக்காத நைனா. டொலுயினைத் தொட்டுத் துடை, உட்டுடும்" என்று பாஸ்கர் தானே பஞ்சை எடுத்துக் கொடுத்தார்.

துடைத்தேன். வெறும் வைரத்தை ஓட்டினேன். கோட்டில் ஒரு சின்ன நெளிவு இருந்தது. மறுபடி துடைத்தேன். நெளிவு குறைந்தது, போகவில்லை.

"அக்கா, இது போதும்கா. டைம் ஓடுதுக்கா!"

"ஓடட்டும். கோடு நேரா வரட்டும்."

"நெளிவு கற்பூரத்து எடத்துலயே இல்லக்கா, வேற எடத்துல கீது."

"எங்க இருந்தா என்னப்பா? நேரா வரட்டும்."

நான் அப்படி யாரிடமும் பேசியது கிடையாது. ஜெரால்டு இன்னொரு பஞ்சை எடுத்துக் கொடுத்தான். நெளிவு ஒன்றும் செய்திருக்காது என்று பிறகு மேடமே சொன்னார். இருந்தாலும் அன்று அதை விட்டிருந்தால், கோட்டில் எது வந்தாலும் 'அந்த நெளிவால் இருக்குமோ' என்கிற சந்தேகம் மூன்று பேர் மனசிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு தப்பில் இருந்து வெளியே வருகிறபோது அடுத்த சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது. நிதானமாகத் துடைக்க வேண்டிய நேரமே அவசரமான நேரம்தான்.

கோடு நேராக வந்தபோது அறையைப் பூட்டும் நேரம் நெருங்கிவிட்டது. அலுவலகத்துக்குப் போன் போட்டேன். கண்காணிப்பாளர் எடுத்தார்.

"சார், ரோசி பேசறேன். மிஷின் ரூமை ஆறு மணி வரைக்கும் திறந்து வைக்கிறேன்."

"யார் சொன்னாங்க?"

"நான்தான் சார் சொல்றேன்."

என் நெஞ்சு அடிக்கிற சத்தம் ரிசீவரில் அவருக்குக் கேட்டிருக்கும். "உங்க பொறுப்பும்மா" என்றார். "ஆமாம் சார்" என்றேன்.

ஆறு மணிக்குள் நாலு கலவைகளை எடுத்து முடித்தார்கள். ஓம உப்பு மிக அதிகமாக உள்ள ஐந்தாவதற்கு நேரம் இல்லாமல் போனது. கற்பூரத்தின் பள்ளம் நகரத்தான் செய்தது, முன்பு காட்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. ஆனால் வரைபடத்தில் கோடு நேராக வரவில்லை. ஓம உப்பு கூடுகிற முனையில் வளைந்துபோய் நின்றது.

"பழசுதான் அழகா கீது" என்றான் ஜெரால்டு ஏக்கமாக.

"அழகா கீது. ஆனா நம்மளுது இல்ல" என்றாள் திவ்யா.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. படம் காட்டும் கருவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்னுடையது. முருகேசன் அரைநாள் லீவு போட்டுவிட்டு மகளை பைக்கில் கூட்டி வந்திருந்தார். கம்பெனிச் சட்டையோடு கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் வெள்ளை முடியை ஒட்ட வெட்டிய ஓர் அம்மா. மற்ற கல்லூரிப் பிள்ளைகள் நன்றாகவே பேசினார்கள். கோடுகள் நேராக இருந்தன. மூன்று பேரும் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

திவ்யா போய் நின்றாள். முதல் படத்திலேயே அந்தப் பழைய நேர்கோட்டைப் போட்டாள்.

"இந்தக் கோடு நாங்க எடுத்தது. இது தப்பு."

கூடத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. முருகேசன் என் பக்கம் குனிந்தார். "இன்னா மேடம் இது, தானே போய் மாட்டிக்கினு கீது? இதைச் சொல்லித்தான் ஆவணுமா?"

"பேசட்டும் சார்" என்றேன்.

அவள் டெசிக்கேட்டர் கதையைச் சொன்னாள். காய வைக்கக் காய வைக்க ஈரம் கூடியதையும், மணி மட்டும் நீலமாகவே இருந்ததையும் சொன்னாள். நடுவில் இருந்த அம்மா கையைத் தூக்கினார்.

"கொஞ்சம் இரும்மா. ரெண்டும் தொடவே இல்லையா?"

"இல்ல மேடம். பாட்டில் வேற வேற. நடுவுல இவ்ளோ இடம் இருந்துச்சு" என்று விரல்களை அகட்டிக் காட்டினாள்.

அந்த அம்மா தன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். தரையில் உராய்ந்த சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது.

"சரி, உன் எண்கள்ல எதை நான் நம்பலாம்?"

"நேத்து சாயங்காலம் எடுத்த நாலை மேடம். அஞ்சாவது எடுக்கலை."

"கோடு ஏன் கடைசியில வளையுது?"

"தெரியலை மேடம்."

"யோசிச்சுப் பார்த்தியா?"

"ஓம உப்பு கம்மியா இருந்தா கற்பூரத்தைப் புடிக்கும். நிறைய இருந்தா தனக்குள்ளயே ஒண்ணை ஒண்ணு புடிச்சுக்குதோன்னு நினைக்கிறேன். அதைக் காட்ட எங்கிட்ட இப்ப ஆதாரம் இல்லை."

அவளுக்கு ஒதுக்கிய நேரம் முடிந்து மணி அடித்த பிறகும் அவர்கள் விடவில்லை. அடுத்த பையன் மேடை ஓரத்தில் காத்துக்கொண்டு நின்றான்.

மாலையில் பெயர்களை வாசித்தார்கள். இரண்டு பேர். இரண்டிலும் திவ்யா இல்லை. வேலையை முழுசாக முடித்திருந்த பிள்ளைகள் அவர்கள். அதில் அநியாயம் எதுவும் இல்லை. அந்த அம்மா போகிறபோது திவ்யாவின் தோளைத் தொட்டு, "அஞ்சாவதை எடுத்துடும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆய்வகத்துக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துதான் அழுதாள். ஜெரால்டு குப்பிகளைக் கழுவ ஆரம்பித்தான். கழுவியதையே திரும்பக் கழுவினான். நான் செய்தது சரியா என்று அப்போது நூறு தடவை கேட்டுக்கொண்டேன். நேற்று ஸ்டோர் சாவியை எடுக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் அந்த இரண்டு பெயர்களில் ஒன்று இவளுடையதாக இருந்திருக்குமோ? இதற்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. உங்களுக்கும் இந்த மாதிரிக் கேள்விகள் வரும். பதில் தெரிந்த பிறகுதான் சாவியை எடுப்பேன் என்று காத்திருக்க முடியாது.

முருகேசன் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தார். மகளைப் பார்த்தார். பக்கத்தில் போகவில்லை. ஜன்னலோரம் நின்று போனை எடுத்தார்.

"சார், முருகேசன் பேசறேன். பொண்ணு விஷயமா. ஜூன்ல அது வராது சார்... இல்ல சார், செலக்ட் ஆவல... ஆவலன்னாலும்தான் சார். எம்மெஸ்ஸி படிக்கட்டும்னு... சரி சார். வச்சிடறேன்."

திவ்யா அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாப்பா?"

அவர் என்னிடம்தான் சொன்னார். "எங்க எடத்துல தப்பு ஆயிடுச்சுன்னு வாயைத் தொறந்தா மெமோ குடுப்பான் மேடம். அதனால எவனும் தொறக்க மாட்டான். நானே தொறந்ததில்ல. இங்க இன்னாடான்னா, இது தப்புன்னு இவ சொன்னதும் அம்மாம் பெரியவங்க சேரை இழுத்துப் போட்டுக்கினு கிட்ட வராங்க. அந்த மாதிரி எடத்துலதான் இது இருக்கணும். நம்ம கம்பெனி வாணாம்."

ஜெரால்டு குழாயை மூடினான். "அங்கிள், அந்தக் கற்பூரத்தை உள்ள வச்சது நான்" என்றான்.

"அப்ப உனக்கு மெமோ" என்றார் முருகேசன்.

திவ்யா துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அக்கா, திங்கக்கெழம மிஷின் ஃப்ரீயா?"

"ஒன்பது மணிக்கு வந்துடு" என்றேன். "அஞ்சாவதை எடுத்துடலாம்."